மூன்றாம் முறை எடுத்த மோதிரம்

துணுக்காய்
கார்த்திகை 9

அன்பு மகன் நிருஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழைக்கு முதல் என் முழங்கால்தான் நோகத் தொடங்குகிறது, மற்றப்படி இருக்கிறேன், நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். விதைத்த வயலில் வெள்ளம் நிற்கிறது, திரும்ப விதைக்க எனக்குப் பலமில்லை. தொலைபேசியில் கதைத்தால் "ஓமம்மா, வேலையால வந்து எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் சனிக்கிழமை சுவிசுக்குத் திரும்பும் தங்கராசா அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

என் மருமகள் மேனுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் தமக்கை பிரஷாந்தினி வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. நீ சொல்லவில்லை, அவள்தான் தொலைபேசியில் சொன்னாள், அதற்காக அவளைக் கோபிக்காதே. வயிறு வெட்டிப் பிள்ளை பெற்றவள், அடுத்ததற்கு இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னார் டொக்டர், கருத்தடைக் குளிசை போட்டால் தலையிடி என்றபடியால் இருவருமாகத்தானே தாதியிடம் போய் இயற்கை முறையைப் படித்து வந்தீர்கள். காலையில் உடல் சூட்டை அளந்து தாளில் குறித்து, கரு தங்கக்கூடிய நாட்களில் விலகியிருக்க வேண்டும். அந்தத் தாளை நீ கிழித்துப்போட்டு, "வேலையிலயும் ரைம் ரேபிள், வீட்டிலயும் ரைம் ரேபிளோ" என்று கேட்டாயாம். அவள் சொன்னாள், "மாமி, அவர் கெட்டவர் இல்லை. ஆனா மாதாமாதம் வேண்டாம் எண்டு சொல்லுறது நான் மட்டும்தான். களைச்சுப் போனன்." அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை.

உனக்கும் அக்காவுக்கும் இடையில் ஐந்து வருடம் ஏன் என்று நீ கேட்டதில்லை. அந்த நாட்களில் வன்னிக்கு மருந்து வருவது அரிது, குடும்பநல மாதுதான் நாட்களை எண்ணப் பழக்கினா. எண்ணியது நான் அல்ல, அப்பா. கலண்டரில் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பார், புள்ளியுள்ள நாட்களில் நான் வாய் திறக்கமுன் பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி வேலியால் எட்டி, "என்ன ரீச்சர், மாஸ்டர் சாமியாராப் போகப் போறாரோ" என்று கேட்டா. அப்பா, "ஓம், பத்து நாளைக்கு மட்டும்" என்றார். புள்ளி முடிகிற அன்று காலையிலேயே சவரம் செய்துவிடுவார், எனக்குச் சிரிப்பு வரும். அந்த ஐந்து வருடத்தில் ஒருநாளும் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டி வரவில்லை. அவர் இருந்திருந்தால் இதை அவரே உனக்குச் சொல்லியிருப்பார், எனக்கு இந்தக் கூச்சம் வந்திராது.

உன் கலியாணத்தில் அம்மி மிதிக்கும்போது நீ குனிந்து அவள் காலைத் தூக்கி வைத்தாய். கல்லைப் போல உறுதியாயிரு என்று பெண்ணுக்குச் சொல்கிறார்கள், மாப்பிள்ளை குனிந்ததைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ஐயர் அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார், மிச்சத்தை வீட்டில்தான் செய்ய வேண்டும். பிறகு கும்பத் தண்ணீரில் மோதிரம் தேடினீர்கள். மூன்று முறையும் நானே எடுத்தேன் என்று இன்றைக்கும் பெருமை அடிக்கிறாய். அவள் தொலைபேசியில் என்னிடம் சொன்னதைக் கேள்: "மூண்டாந்தரம் மோதிரம் என்ர கையிலதான் மாமி இருந்தது. இவற்ற சிநேகிதர் எல்லாரும் நிண்டவை, பாவம் எண்டு விட்டுக்குடுத்தனான்." சொல்லிச் சிரித்தாள், பிறகுதான் அழுதாள்.

புதுத் தாள் எடுத்துத் திரும்பக் கோடு கீறு. சூட்டை அவள் அளக்கட்டும், எண்ணை நீ எழுது. சந்தேகம் இருந்தால் இருவருமாகத் தாதியிடம் கேளுங்கள், இது சரிவராவிட்டால் வேறு வழி கேளுங்கள், ஆனால் வேண்டாம் என்ற சொல்லை அவள் தலையில் மட்டும் போடாதே.

உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் காக்கட்டும். அண்ணையிடம் மேனுகாவுக்குப் பிள்ளை பெற்றவள் சாப்பிடும் சரக்குத்தூள் பொதி ஒன்றும் கொடுத்திருக்கிறேன். பிரஷாந்தினி வீட்டுக்கு அதை வேறொருவரிடமும் கொடுத்தனுப்பாதே. நீயே கொண்டுபோய் அவள் கையில் கொடு.

உன் அம்மா,
விமலேஸ்வரி