வயிற்றுப்புண் என்று சொன்னேன்

ஜனவரி 28, புதன்.

அம்மாவுக்குப் புற்றுநோய், இன்னும் நான்கு மாதம் உயிரோடு இருக்கலாம் என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார். வழக்கம்போல் அம்மாவுக்கு நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

"வயித்துல வெறும் புண்ணுதாம்மா," என்றேன்.

அவருக்குப் புரிந்ததா என்று மருத்துவர் கேட்டார். தலையாட்டினேன்.

நோயாளிக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்று போன பருவத்தில் அறவியல் வகுப்புக்குப் பதினைந்து பக்கம் எழுதியவன் நான்.

கெலுகோரில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் பேருந்திலேயே அம்மா சிங்கப்பூரில் இருக்கும் அக்காவை அழைத்துவிட்டார்.

"புண்ணுதானாம்லா. இப்ப வராத, லீவு வீணாப் போயிரும். தீபாவளிக்கு வா, போதும்."

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது.

சற்றுமுன் அக்காவின் செய்தி வந்தது: "டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன்டா தம்பி. இன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கப் போறேன்."

அடுத்த அறையில் அம்மாவும் தூங்கிவிட்டார். இருவரில் யாரை முதலில் எழுப்புவது?