மஞ்சள் துணிக்குக் கீழே

8 ஆகஸ்ட் 2025, வெள்ளி, காலை 6.10. பிலிருபின் 16.2.

பாப்பா பிறந்து மூன்றாம் நாள். எட்டு மாதத்திலேயே வந்துவிட்டாள். உடம்பு பூராவும் மஞ்சள் காமாலை; ரத்தத்தில் அதன் அளவுதான் பிலிருபின். செஞ்சியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்குக் கீழே கிடக்கிறாள். நீல வெளிச்சம் தோலில் பட்டால்தான் இறங்கும். விளக்கைச் சோதித்தேன். எல்.இ.டி. கம்பெனியில் நாலு வருஷம் இருந்தவன் நான். விளக்கில் குறை இல்லை.

அதே நாள், மாலை.

மாமியார் தொட்டில் சட்டத்தின்மேல் மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியைப் போட்டிருக்கிறார். மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு போட்டதாம். நர்ஸ் வந்தால் எடுத்து மடியில் மறைத்துக்கொள்கிறார். இன்னா இது என்றேன்.

“பச்ச ஒடம்ப பொறந்த மேனியா போட்டு வெச்சிக்கிறாங்க மாப்ள. போறவன் வர்றவன் கண்ணெல்லாம் படுது. வெளிச்சம் வருதா இல்லியான்னு நீங்களே பாருங்க.”

பார்த்தேன். துணி முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது. வெளிச்சம் போகுது, இருக்கட்டும் அத்தை என்றேன். வாதாடத் தெம்பில்லை.

9 ஆகஸ்ட். 17.9.

ஏறியிருக்கிறது. எப்படி ஏறும்? டாக்டர் சுமலதாவிடம் கத்தினேன். ஒங்க மிஷினைத் தூக்கிக் குப்பையில போடுங்க என்றேன்.

“கத்துங்க, பரவால்ல. ஆனா இருபதைத் தாண்டினா நான் இங்க வெச்சிக்க மாட்டேன். பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் ரத்தம் மாத்தணும். மூளைக்கு ஏறிட்டா யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

10 ஆகஸ்ட். 19.1.

பால் உறிஞ்சவே மாட்டேன்கிறாள். என் மனைவி எழில் மார்பைக் கொடுத்துக்கொண்டே அழுகிறாள். இருபதைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாமென்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. விளக்கு சரி. தூரம் சரி. அப்புறம் இன்னாதான்டா?

பாப்பா காலைத் தொடக் கையை உள்ளே விட்டேன். வெளியே நீலமாகத் தெரிந்த என் வெள்ளைச் சட்டைக் கை, துணிக்குக் கீழே போனதும் பச்சையாக மாறியது. நீலம் துளிகூட இல்லை. மஞ்சள் அத்தனை நீலத்தையும் தின்றுவிட்டு வேறு நிறத்தைக் கக்கிக்கொண்டிருக்கிறது. நான் அந்த மினுமினுப்பைப் பார்த்து வெளிச்சம் போகிறது என்றேன் — நான், விளக்கு படித்தவன்.

துணியை உருவி எறிந்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரையாவது விளக்கு நேராகப் படட்டும். நடந்ததை எழிலிடம் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன்.

“எம் புள்ளைய நீயே சாவடிக்கப் பாத்தியாம்மா?” என்று அவள் அம்மாவைக் கேட்டாள். அத்தை என்னை ஒருமுறை பார்த்தார். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் வந்தபோது டாக்டர் இன்னொரு முறை ரத்தம் எடுத்தார். 18.6. அரை நாள் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

11 ஆகஸ்ட், திங்கள். 15.4.

இறங்குகிறது. காலையில் தானே வாய் வைத்துக் குடித்தாள். அத்தை பொழுது விடியும் முன்பே தன் ஊர் சிங்கவரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார், டீகூடக் குடிக்காமல். “இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிட்டேன்” என்கிறாள் எழில்.

இனி செய்ய வேண்டியது:

1. டாக்டரிடம் துணி விஷயத்தைச் சொல்வது. மிஷினைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பது.
2. காது டெஸ்ட், பாண்டிச்சேரி. காமாலை ஏறியதில் காது போயிருக்கலாமாம். பார்த்தே ஆகணும்.
3. துணி இருக்கட்டும் என்று சொன்னது நான்தான் என்று எழிலிடம் சொல்வது. பால் கொடுத்து முடிக்கட்டும்.
4. சிங்கவரம் போய் அத்தையைக் கூப்பிடுவது. வரவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பது.