அசையாமல் நில்லுங்கள்

20 ஜூலை 2012, வெள்ளி

குளிர். இந்த நாட்டு ஜூலை: கார்க் கண்ணாடிகளில் வெள்ளையாகப் பனி. ரயில் பிந்தியது.

லிடார் கருவியின் படம் வந்துவிட்டது. பதினாறு கண்ணில் எடுத்தது, அறுபத்துநாலு கண்ணில் எடுத்ததைப் போலவே. கார் தரிப்பிடத்தின் கடைசி மூலையில் சைக்கிள் பூட்டும் கம்பிகள்கூடத் தனித்தனியாக. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஹெலனிடம் காட்டினேன். எது எது என்று கேட்டார். என் ஆய்வை மேற்பார்வையிடுகிறவருக்கே தெரியவில்லை. "ஆரணி, வியாழக்கிழமை ட்ராக்டர் கம்பனிக்காரர் முன்னால் இது இப்படியே வந்தால் உனக்கு இரண்டு வருட வேலை."

வந்தால். அந்தச் சொல்லோடு வீடு வரை.

செப்டெம்பரில் உதவித்தொகை முடிகிறது. வேலை இல்லை என்றால் விசாவும் இல்லை.

என்ன செய்தேன் என்று தமிழில் ஒருமுறை. ஆங்கிலத்தில் சொல்லும்போது நானே நம்பிவிடுகிறேன். தமிழில் எழுதினால் ஓட்டை தெரியும்.

– லிடார் லேசரைச் சுடும். பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்க்கும். போய்வந்த நேரத்திலிருந்து தூரம். ஒவ்வொரு திசைக்கும் ஒரு கண். கண்தான் விலை.
– நான் ஒரு கண்ணுக்கு நாலு திசை கொடுத்தேன். நாலு லேசரும் முறைவைத்துச் சுடும். இப்போது எது சுட்டதோ, வருகிற வெளிச்சம் அதனுடையது.
– சிக்கல்: தூரத்துக் கட்டடத்தில் பட்ட வெளிச்சம் பிந்தி வரும். அதற்குள் அடுத்த லேசரின் முறை. அதன் கணக்கில் விழும். வெற்றிடத்தில் ஒரு புள்ளி. பேய்.
– தீர்வு: சுடும் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றுவது. பேய் இடம் மாறித் துள்ளும். உண்மையான பொருள் நின்ற இடத்தில் நிற்கும். நிற்காததை அழி.

ஓட்டை எதுவும் தெரியவில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

கார்த்திக் எட்டிப் பார்த்தான். பக்கத்து மேசை. கோயம்புத்தூர். அவனுக்கும் செப்டெம்பர்தான். அதே வேலையைத்தான் அவனும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"சூப்பருங்க! எப்பங்க ட்ரீட்?"

போட்டிக்காரன் இவ்வளவு சந்தோஷப்படுவானா.

22, ஞாயிறு

மழை. உடுப்பு காயவில்லை. அரிசி, பருப்பு, ரயில் வாரச் சீட்டு வாங்கவேண்டும்.

நான் தங்கியிருக்கும் வென்ட்வேர்த்வில் வீட்டில் இன்று ஆள் கூட. வீட்டுக்கார ராணி அன்ரியின் பின்னறையில் இருக்கும் சுதன், தோட்ட ஊரான கிரிஃபித்திலிருந்து வந்திருக்கிறான். படகில் வந்தவன். தடுப்பு முகாமிலிருந்து விட்டு ஆறு மாதம் இருக்கும். தோட்டங்களில் பழம் பிடுங்குகிறான். அங்கேயும் மழையாம். நனைந்த பழத்தில் கை வைக்க விடமாட்டார்களாம். ஒரு பை தோடம்பழத்தோடு குசினியில் இருந்தான்.

அன்ரி: "பிள்ளை, உன்ர மெஷின் இவனைப் போலத் தோடம்பழம் பிடுங்குமோ?"

"இல்லை அன்ரி. மரங்களுக்கு நடுவில தானா ஓடுற ட்ராக்டருக்குக் கண். அவ்வளவுதான்."

சுதன் தோலை உரித்துக்கொண்டே: "ட்றைவர் இல்லாமலோ? அப்ப எங்களை ஆர் பாக்கிறது?"

"அது பாக்கும்."

யோசிக்காமல் சொன்னேன். பிறகு பழம் புளித்தது. நல்ல பழம், மற்ற இருவரும் இனிப்பு என்றார்கள்.

24, செவ்வாய்

வெயில். காற்று.

காலையில் என் கதிரை உயர்த்தப்பட்டிருந்தது. யாரோ உயரமானவர் இருந்து எழுந்திருக்கிறார். கார்த்திக் உயரம்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம். கருவிக்கு முன்னால் போகிறவர் யாராக இருந்தாலும் சிலையாக நிற்பார். கை கீழே, வாய் மூடி, கடவுச்சீட்டுப் படத்துக்கு நிற்பது போல. யார் தொடங்கியது தெரியாது. ஹெலனும் அப்படித்தான். துப்புரவுப் பெண்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். படம் தெளிவாக வரவேண்டும் என்ற மரியாதை.

இன்று தரிப்பிடத்தில் ஒரு ஐபிஸ். குப்பைத் தொட்டியைச் சுற்றி நீளச் சொண்டோடு உலாத்தியது. சன்னல் வழியே பார்த்தால் பறவை. திரையில் தொட்டி மட்டும். பழைய அறுபத்துநாலு கண் கருவியை வைத்துப் பார்த்தேன். பறவை இருக்கிறது. பதினாறுக்கு மாற்றினேன். இல்லை.

பறவை நின்று தொட்டிக்குள் தலையை விட்டது. திரையில் வந்தது. தலையை எடுத்து நடந்தது. போய்விட்டது.

உடனே கா. என்று நினைத்தேன். கதிரை. ட்ரீட். அவன் சாப்பிடப் போன நேரம் நிரல் முழுவதையும் துழாவினேன். எதை மாற்றினான், எங்கே ஒளித்தான்.

ஒன்றிலும் அவன் கை படவில்லை. நிற்காததை அழி. நான் எழுதிய வரி.

வெளியே போனேன். பதிவை ஓடவிட்டு, கருவிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். திரும்பி வந்து போட்டுப் பார்த்தேன். கார்கள், மரம், தொட்டி, கம்பி. நான் இல்லை. அவ்வளவு துல்லியமாக இல்லாமல் போயிருந்தேன்.

ட்ராக்டர் அசையும், அந்த அசைவைக் கழித்துவிடலாம் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் அசைவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் முன்னால் யாரும் அசைந்ததில்லையே.

25, புதன்

மறுபடி மழை. தலைவலி. பனடோல் இரண்டு.

கா.விடம் சொன்னேன். முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அதில் வியப்பு வரவில்லை.

"தெரியுங்க."

"எப்ப?"

"திங்கக்கிழமை ராத்திரிங்க. உங்க சீட்ல உக்காந்து ஒரு டெஸ்ட் ஓட்டிப் பாத்தேன். சாரி, கேட்டிருக்கணும்."

"ஏன் சொல்லேல்லை?"

சிரித்தான். "மரம் நடக்காதுல்லங்க?"

"ஆக்கள் நடப்பினம்."

"நடப்பாங்க. அத அப்புறம் சரி பண்ணிக்கலாம். நாளைக்கு வர்றவங்க என்ன ஓடவா போறாங்க? வருவாங்க, போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிப்பாங்க, கை குடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க பாட்டுக்கு இருங்க, ஆரணி."

இதற்கு இரண்டு அர்த்தம் பார்க்கலாம். நான் மறைத்துப் பிறகு பிடிபட்டால் வேலை அவனுக்கு. நானே சொன்னாலும் அவனுக்கு. அல்லது உண்மையிலேயே நல்லவன். இரண்டாவதை நம்ப எனக்கு என்ன தடை?

ஹெலன் கன்பராவில். ஃபோனில் குறுஞ்செய்தி அனுப்பினேன்: நடப்பவர் தெரியவில்லை, தள்ளிப்போட முடியுமா? மத்தியானம் பதில்: முடியாது, வருகிறவர்களை அசையாமல் நிற்கச் சொல், மற்றதைப் பிறகு பேசுவோம்.

அவருக்கும் முதலே தெரியுமோ.

நாள் முழுக்கத் திருத்திப் பார்த்தேன். அழிக்கும் வரியை எடுத்தால் நான் தெரிகிறேன், என்னோடு நூறு பேயும் வருகிறது. பேய் ஒழுங்கில்லாமல் துள்ளும், மனிதர் ஒரு கோட்டில் நடப்பார். அதை வைத்துப் பிரிக்கலாம். பிரிக்க முடியும். வாரங்கள் வேண்டும். என்னிடம் நாளை காலை வரைதான்.

அன்ரி இடியப்பம் வைத்திருந்தா. "சாப்பிட்டனீயே? முகம் ஏன் இப்பிடி?" சாப்பிட்டனான் என்று பொய்.

26, வியாழன்

மழை விட்டது. நிலம் ஈரம். சாம்பல் வானம்.

கம்பனியிலிருந்து வந்தவர்கள் இருவர். ஒருவர் குறிப்பு எழுதுகிறவர். மற்றவர் பெரிய தொப்பி, தோட்டத்து மண்ணோடு சப்பாத்து. முடிவு தொப்பியிடம்.

ஹெலன் பேசினார். கா. கருவியைத் திருப்பினான். தொப்பிக்காரர் முன்னால் போய் நின்றார். "அசையாமல் நில்லுங்கள்," என்றார் ஹெலன். நின்றார். திரையில் தொப்பியின் விளிம்புகூட. குறிப்புக்காரர் விசிலடித்தார். "பதினாறிலா?"

அங்கேயே விட்டிருக்கலாம். கா. என்னைப் பார்க்கவில்லை. ஹெலன் பார்த்தார்.

"இனிக் கொஞ்சம் நடக்கிறீர்களா?" என்றேன்.

நடந்தார். திரை காலி. நாங்கள் மூவரும் பார்த்தோம். குறிப்புக்காரர் அந்த நேரம் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் திரையைப் பார்க்க நின்று திரும்பினார். நின்றதும் திரையில் வந்துவிட்டார். "நல்லாத்தானே இருக்கிறேன்!" என்று தன் படத்தைக் காட்டிச் சிரித்தார்.

இரண்டாவது தடவையும் விட்டிருக்கலாம்.

அவரைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நான் வெளியே போனேன். கையை வீசி நடந்தேன். தொட்டி வரை, திரும்பி மரம் வரை, மறுபடி. நிற்கவில்லை. முதலில் பின்னால் பேச்சு கேட்டது. பிறகு கேட்கவில்லை.

உள்ளே வந்தபோது தொப்பிக்காரர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "என் தோட்டத்தில் அறுவடைக்கு நாற்பது பேர்," என்றார். கோபமில்லாமல். "நடக்கிறவனைக் காட்டும்போது கூப்பிடு." எனக்குச் சொன்னாரா, ஹெலனுக்கா, தெரியவில்லை. கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஹெலன் கதவை மூடிக்கொண்டார். இரண்டு வருடம் பற்றி ஒரு சொல் இல்லை.

கா. வயரைச் சுருட்டிக்கொண்டே: "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேங்க." பாராட்டா, நக்கலா. ரயிலில் பரமட்டா வரை அதையே திருப்பித் திருப்பி.

வீட்டில் சுதன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். கிரிஃபித்தில் வெயிலாம், நாளைக் காலை போகிறான்.

"அக்கா, உங்கட மெஷின் ஓகேயோ? எங்களைப் பாக்குமோ?"

"நிண்டால் பாக்கும்."

சிரித்தான். "நிக்க ஆர் விடுறான்?"