நடுமரம்

ஜூன் 3

அத்தானுக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அக்கா போய் ஒன்றரை வருஷமாகிறது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தவன் நான். நீங்கள் ஏரிக்கரையில் நாரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "வீட்டுக்காரர் வரலையா?" என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம் வேலை என்று பொய் சொன்னதும் நான்தான்.

இருபது வருஷமாக உங்கள் கவிதைப் புத்தகங்களின் புரூப்பை நான்தான் திருத்துகிறேன். இலை இலையாகப் பார்த்து எழுதியவர் நீங்கள். புதுப் புத்தகத்தில் பறவை இல்லை, தண்ணீர் இல்லை. ஒரே ஒரு மரம், அதற்கும் உச்சியில்லை, வேரில்லை. அவ்வளவு அசிரத்தை. அந்த மரம் வரும் பதினோரு கவிதையிலும் உச்சியையும் வேரையும் நானே எழுதிச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் மச்சான்

ஜூன் 9

அன்புள்ள மச்சானுக்கு,

என்னை வர வேண்டாம் என்றவள் உன் அக்காதான். "நீங்க வந்து உட்கார்ந்தா நான் அழுதே தீர்ந்துடுவேன். ஏரிக்குப் போங்க, பார்த்ததை போன்ல சொல்லுங்க" என்றாள். தினமும் நீ சாப்பிடப் போகும் நேரத்தில் பேசுவோம். உன்னிடம் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "இங்கயும் ஒரு மரம் தெரியுது. தலையும் இல்ல, காலும் இல்ல. என்னை மாதிரியே நடுவுல நிக்குது."

அவள் போனபின் ஏரிக்குப் போனேன். நாரை இருந்தது. யாரிடம் சொல்வது? எழுத வரவில்லை. அவள் பார்த்துச் சொன்ன மரம் மட்டும் வந்தது.

நீ எழுதிச் சேர்த்த அந்தப் பதினோரு பக்கத்தை மட்டும் அச்சில் நிறுத்திவிடு.

அத்தான்

ஜூன் 14

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்ததும் அச்சகத்துக்கு ஓடினேன். பைண்டிங் முடிந்து புத்தகம் கடைகளுக்குப் போய்விட்டது.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா படுத்திருந்த கட்டில் காலியாக இருந்தது. நர்ஸிடம் கெஞ்சி ஒரு நிமிஷம் படுத்தேன். உச்சியும் வேரும் மறைந்து, ஜன்னலில் நடுமரம் மட்டும்தான் தெரிகிறது. ஆறு வாரமும் அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க இப்போதும் மனம் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு, பேச்சை உங்களுக்குள் வைத்துக்கொண்டீர்கள். ஆனால் உங்கள் மேல் கோபப்பட்டுத்தான் இத்தனை நாள் எழுந்து நடமாடினேன். இனி எதைப் பிடித்துக்கொண்டு எழுவது?

கீழே 'உங்கள் மச்சான்' என்று எழுதினேன், அடித்துவிட்டேன். அந்த உறவைக் கொடுத்தவள் இல்லை. அந்த மரத்தைப் பற்றி அவள் விட்டுப்போன வார்த்தையையும் என் பேனாவே தின்றுவிட்டது. கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.