வேதாவுக்குக் கேட்காத பீரியடுகள்

ஐப்பசி 10, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்தில் கூட்டம், 11 மணி. இருந்தவர்கள்: தலைமையாசிரியை சிஸ்டர். சுமதி டீச்சர் (வேதாவின் வகுப்பாசிரியை, தமிழ், சமூக அறிவியல்). கவிதா மேடம் (வாரம் ஒரு நாள் வரும் சிறப்பாசிரியை). நான். வேதா வெளியே பெஞ்சில். அவர் (வேதாவின் அப்பா) வரவில்லை, அரியமங்கலம் கம்பெனியில் ஸ்டாக் எடுப்பு.

விஷயம் மைக். ஜூனில் கவிதா மேடம் ஏற்பாடு செய்தது. பாடம் நடத்துபவர் கழுத்தில் தொங்கும். அவர் பேசுவது நேரே வேதாவின் காது மெஷினுக்குள் போகும்.

சுமதி டீச்சர்: "தினம் மாட்டிக்கிட்டுதாங்க நடத்துறேன். என் மூஞ்சியையே பாக்குது. டிக்டேஷன் வச்சா பத்துக்கு ரெண்டு. நான் என்னதான் பண்றது?"

சிஸ்டர்: "ஏழாவதுலயே இப்படின்னா பத்தாவதுல என்னம்மா பண்ணுவீங்க? காது கேளாத பிள்ளைங்க ஸ்கூல்ல இடம் இருக்கு. ஹாஸ்டலும் இருக்கு. இந்தப் படிவத்துல அவங்கப்பா கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துருங்க. அடுத்த வியாழக்கிழமை மேல ஆபீஸுக்கு அனுப்பிடுவோம்."

கவிதா மேடம்: "இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமே சிஸ்டர்."

"ஜூன்லேர்ந்து பாத்துட்டுதானே இருக்கோம்."

 படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் வேதா கேட்டாள், "என்னம்மா சொன்னாங்க?" மழை என்றேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

காவேரியில் துலா ஸ்நானம், அம்மா மண்டபம் படித்துறை. தண்ணீர் செம்மண் நிறம். படி வழுக்கல்.

வேதாவின் கேள்வி நோட்டை எடுத்தேன். ஜூன் முதல் தினமும் சாயங்காலம் அவளைப் பீரியடு பீரியடாகக் கேட்டு எழுதி வருவது. கே. = கேட்டது. கே.இ. = கேட்கவில்லை. ஒரு நாள் விட்டதில்லை. இதுவரை நாள்வாரியாகத்தான் பார்த்து வந்தேன். இன்று ஆள்வாரியாகப் பிரித்து எழுதினேன்.

ஸ்டீபன் சார், கணக்கு: கே.
நித்யா மிஸ், அறிவியல், ஆங்கிலம்: கே. (ஆகஸ்டில் சார்ஜ் போடாத ஒரு நாள் தவிர)
சுமதி டீச்சர்: கே.இ., கே.இ., கே.இ.

தமிழ்ப் பீரியடில் இரண்டே நாள் கே. அந்த இரண்டு நாளும் டீச்சர் லீவு, நித்யா மிஸ் வந்தாராம்.

அவரிடம் காட்டினேன். "ஆக, தமிழ் வரல. அவ்வளவுதானே?" வீட்டில் அவள் வாயாடுவது எல்லாம் எந்த பாஷையாம்?

வேதாவிடம் கேட்டேன்.

"டீச்சர் மெதுவா பேசுறாங்களா?"
"இல்ல."
"வேகமா?"
"இல்ல."
"பின்ன என்னடி?"
"தெரியலம்மா."

என் முகத்தைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்துப் பழகிய பெண் முகத்தைப் பார்க்காவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஐப்பசி 12, புதன்

ஏகாதசி. உபவாசம். தாயார் சந்நிதியில் கூட்டம் இல்லை.

படிவத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தார். "அங்க சொல்லிக் குடுக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. நமக்கு என்ன தெரியும்?" கோபமாகச் சொல்லவில்லை.  நான் முசிறியில் எட்டாவதோடு நின்றவள்.

மைக்குடன் வந்த ஆங்கிலக் காகிதத்தை அகராதி வைத்து மறுபடி படித்தேன். நனைக்காதே. வெயிலில் வைக்காதே. வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். இரண்டாம் பக்கம் எங்கே போயிற்றோ.

வேதாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அங்க எல்லாரும் கையால பேசுவாங்களாம்மா. எனக்கு ஒரு வார்த்தை தெரியாதே." பிறகு தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். சொல்லாமலே கழுவினாள்.

ஐப்பசி 13, வியாழன்

கனமழை, பள்ளிகளுக்கு லீவு. மாடித் துணி எல்லாம் நனைந்தது. உளுந்து ஊறப்போட்டது, கரண்ட் இல்லை, அரைக்கவில்லை.

மைக் வீட்டில் இருந்தது. வேதாவை வாசல் அறையில் உட்காரவைத்து, நான் கழுத்தில் மாட்டிக்கொண்டு அடுப்படியில் பாசுரம் சொன்னேன். மூன்றாவது அடிக்குள் ஓடி வந்தாள். காது மெஷினைக் கையில் பிடுங்கி வைத்திருந்தாள்.

"அம்மா, மைக்க எடு. அதே சத்தம்."
"எந்தச் சத்தம்?"
என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.
"எந்தச் சத்தம்டி?"
"சுமதி டீச்சர் வகுப்புல வர்றது. கர கரன்னு. அவங்க திரும்பினா, குனிஞ்சா, போர்டுல எழுதினா, எல்லாத்துக்கும் வரும். பேச்சு உள்ள அமுங்கிடும்."

என் கழுத்தைப் பார்த்தேன். தாலிச் சரடு, காசு, குண்டு எல்லாம் மைக் மேல். கையால் தூக்கிப் பிடித்துச் சொன்னேன். "இப்ப இல்ல." விட்டேன். "இப்ப வருது." நித்யா மிஸ்ஸுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மைக்கைத் தோளில் புடவை மடிப்போடு சேர்த்துப் பின் குத்தினேன். முழுப் பாசுரமும் கேட்டது, நான் ஓரிடத்தில் தடுக்கியது உட்பட.

"அஞ்சு மாசமா ஏண்டி சொல்லல?"

"தாலியப் பத்தி டீச்சர்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீதானே சொன்ன, அதப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுன்னு."

சொன்னது உண்மை. அவள் இரண்டாவது படிக்கும்போது முசிறியில் என் சித்தியிடம், உங்களுக்கு ஏன் தாலி இல்லை என்று கேட்டுவிட்டாள். சித்தப்பா போய் அப்போது நாற்பது நாள்கூட ஆகவில்லை. எல்லார் எதிரிலும் அடித்தேன். அவள் மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன்.

அவர் வரத் தாமதம், பஸ் இல்லையாம். சாப்பிட்டுப் படுத்துவிட்டார். காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஐப்பசி 14, வெள்ளி

காவேரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். வேதாவும் போய்விட்டாள். படிவம் அலமாரியில் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம். சிஸ்டர் வெளியூர். கிளார்க்: "காலையிலயே பாப்பா குடுத்துருச்சேங்க. கையெழுத்தெல்லாம் சரியா இருக்கு. திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லீங்க. சிஸ்டர் செவ்வாய்க்கிழமை வருவாங்க." வேதாவின் அப்பா கையெழுத்துப் போட்டு அவள் பைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். இவளும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

சுமதி டீச்சரை ஆசிரியர் அறை வாசலில் பிடித்தேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று.

"டீச்சர், உங்க தாலிதான் இடைஞ்சலா இருக்கு."

"என்னது?"

"மைக்ல உரசுதுங்க. பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது."

"அதுக்குக் கழட்டி வச்சிட்டு வந்து பாடம் நடத்தணும்ங்கறீங்களா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

உள்ளேயிருந்து ஸ்டீபன் சார்: "எனக்கு அந்தத் தொந்தரவு இல்லீங்க." யாரோ சிரித்தார்கள். டீச்சர் முகம் சிவந்துவிட்டது. தோளில் பின் குத்தினால் போதும் என்று சொன்னேன். நோட்டையும் நீட்டினேன். வாங்கவில்லை. பெல் அடித்தது, போய்விட்டார்.

அபச்சாரம். வேறு மாதிரி ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஐப்பசி 15, சனி

அவரிடம் மைக்கை மாட்டிக் காட்டி எல்லாம் சொன்னேன். சரடைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "இது யாருக்கும் தோணலையே." பிறகு, "நேத்து ராத்திரியே எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?" அது முந்தாநாள் ராத்திரி என்றேன். கடிதம் எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

புளி தீர்ந்துவிட்டது. பெருமாளுக்குத் துளசி.

ஐப்பசி 17, திங்கள்

வெயில். நேற்று எழுதவில்லை, தலைவலி.

வேதா ஷூவைக் கழற்றுமுன் சொன்னது, அப்படியே எழுதுகிறேன். தமிழ்ப் பீரியடில் சுமதி டீச்சர் மைக்கைத் தோளில் பின் குத்திக்கொண்டு வந்தாராம். வந்ததும் கேட்டாராம்.

"கேக்குதாடி?"
"கேக்குது டீச்சர்."
"தலையாட்டாத. உண்மையா கேக்குதா?"

டிக்டேஷன் வைத்தார். பத்துக்கு ஒன்பது. டீச்சர் மார்க் போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு மைக்கை அணைக்க மறந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டார். வகுப்பில் உட்கார்ந்தபடியே இவளுக்குக் கேட்டது: "அந்தம்மா என்னைய தாலியக் கழட்டச் சொல்லிருச்சு சார், நீங்களும் இளிக்கிறீங்க. வீட்ல சொல்லி அழுதேன்." கொஞ்சம் கழித்து: "ஆனா ஒம்போது வாங்கிருச்சு."

ஒட்டுக் கேட்கலாமா என்று கண்டித்தேன். "நான் எங்கம்மா கேட்டேன், அதுவா வந்துச்சு." அடுத்த தரம் உடனே போய் டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நோட்டில்: தமிழ், கே. சமூக அறிவியல், கே.

ஐப்பசி 18, செவ்வாய்

சிஸ்டர் வந்துவிட்டார். வேதாவிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தின் நகல்:

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு வணக்கம். ஏழாம் வகுப்பு வேதவல்லியைப் பள்ளி மாற்ற நாங்கள் கொடுத்த படிவத்தைத் திரும்பப் பெற விரும்புகிறோம். மைக் கழுத்தணியில் உரசியதால் பிள்ளைக்குப் பாடம் கேட்கவில்லை. இதில் சுமதி டீச்சர் மீது தவறு இல்லை. பிள்ளையைப் பேசவிடாமல் வளர்த்தது என் தவறு. நேற்று மைக்கைத் தோளில் பின் குத்தி நடத்தியதில் கேட்டிருக்கிறது. அரையாண்டுத் தேர்வு வரை இதே வகுப்பில் வைத்துப் பாருங்கள். ஜூன் முதலான நோட்டை இணைத்துள்ளேன், பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும். படிவம் வியாழக்கிழமை போய்விடும் என்று சொன்னீர்கள். நாளை மாலைக்குள் வேதாவிடம் ஒரு வரி பதில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.