பெரியது ஒன்றுக்குப் பதில் சிறியது இரண்டு

என்னங்க,

உங்கள் முதுகுவலி குறைந்ததா? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? இங்கே விடுதியில் நான் நன்றாக இருக்கிறேன், சலவைக்கூட வேலையும் பழகிவிட்டது.

மகள் கேட்ட கேம் கன்சோலை வாங்கிவிட்டேன். முதலில் ஆசைப்பட்டு, கடையிலேயே பவரும் விலையும் அதிகமானதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்துக் கட்டில்காரி பார்த்துவிட்டு, "ஏன்க்கா, உங்க வீட்டு டிவி பழசுன்னு சொன்னீங்களே! இதோட பவரெல்லாம் அதுல தெரியவே தெரியாதே!" என்றாள். உடனே கடைக்குத் திரும்ப ஓடினேன். நல்லவேளை, பெட்டியைப் பிரிக்கவில்லை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது.

அதே விலைக்குச் சின்ன கன்சோல் இரண்டு கிடைத்தன. படம் அவ்வளவு துல்லியமாக இருக்காதாம். இருந்துவிட்டுப் போகட்டும். ஒன்றை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். இன்னொன்றை எங்கள் அறை டிவியில் மாட்டியாயிற்று. இனி லீவு நாளில் நான் இங்கிருந்தே இணையத்தில் மகளோடு விளையாடலாம். எந்தப் பட்டன் எதற்கென்று அவள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

சலவைக்கூடத்து வண்டி வந்து ஹார்ன் அடிக்கிறது, கிளம்புகிறேன். விளையாடும்போது மைக்கை மட்டும் அணைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பின்னால் நீங்கள் குக்கர் வைக்கிற சத்தமும் எனக்குக் கேட்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரி