நீங்கள் கையெழுத்திட்ட அந்தக் கூடம்

அன்பையும் திட்டையும் ஒரே மூச்சில் கொடுத்த என் சாரதா மதினிக்கு,

கௌரி எழுதுகிறேன். நம் ஆர்கிடெக்டுகள் சங்கம் உங்கள் நினைவாக ஒரு மலர் போடுகிறது. தீவில் இருக்கிற நம் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் நான்தான். தம்பி பெண்டாட்டி, ஆபீஸ் பங்காளி, இந்த எட்டு மாதமாக உங்கள் இடத்தில் சங்கத்தின் செயலாளர். நான் எழுதாமல் மலர் வருமா? இன்றைக்குள் அனுப்பவேண்டும்.

மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் தங்கமானவர், பொறுமைசாலி. உங்களுக்கே சிரிப்பு வந்திருக்கும். நீங்கள் திட்டியதைப் பற்றி ஒருவர்கூட எழுதவில்லையே, அதையாவது நாம் எழுதுவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு பயமாக இருக்கிறது மதினி. கடைசிவரை படிக்கிறவர்களுக்குத் தெரியட்டும், இது உங்களைப் புகழ்கிற கடிதம் இல்லை.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை கூட்டத்தை நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். ஒவ்வொருவரும் தன் கட்டடத்தில் தான் செய்த ஒரு தவறைப் படமெடுத்து வந்து காட்டவேண்டும். அடுத்தவர் தவறைக் காட்டக்கூடாது. “அடுத்தவன் தப்பச் சொல்லுததுக்கு டீக்கடை இருக்கு. இங்க ஒந் தப்பக் கொண்டா” என்பீர்கள். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அந்தப் பேச்சு உங்களை விடவில்லை.

நான் என்னென்ன கொண்டுவந்தேன் என்று நினைவிருக்கிறதா? திறந்தால் வாஷ்பேசினில் இடிக்கிற கதவு. மழைத்தண்ணீர் நேராக வாசற்படியில் கொட்டுகிற சன்ஷேட். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “கௌரி மேடம் ரொம்ப ஃப்ராங்க்” என்று பெயர் வேறு. சிரிக்கிற தவறாகத் தேடித்தேடி எடுத்து வந்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். சிரிக்க முடியாதது ஒன்று இருந்தது. அதன் படத்தை நான் எடுக்கவே இல்லை.

வண்டூர் போகிற சாலையில், கடலுக்குக் கிட்டத்தில் நாம் கட்டிய சமுதாயக் கூடம். நான் தனியாகப் பார்த்துக்கொண்ட முதல் வேலை. கீழே சாமான் அறைகள், மேலே கூடம். நிலநடுக்கம் வந்தால் தாங்குவதற்காகக் கீழ்த்தளத்தின் நாலு மூலையிலும் கான்கிரீட் சுவர் வேண்டும் என்று சென்னையில் இருக்கும் நம் ஸ்ட்ரக்சர் இன்ஜினியர் வரைந்து அனுப்பியிருந்தார். வேலை பாதியில் இருக்கும்போது பஞ்சாயத்துத் தலைவர், இங்கே சொல்கிறபடி பிரதான், வந்தார். கீழே சந்தை போடவேண்டுமாம், வண்டி உள்ளே வரவேண்டுமாம், சாலைப் பக்கத்து இரண்டு சுவரும் வேண்டாமாம்.

நியாயமாக அதை மெயின்லேண்டில் இருக்கிற இன்ஜினியருக்கு எழுதிக் கேட்டிருக்கவேண்டும். அவர் கணக்குப் போட்டு, மாற்றி வரைந்து, அது நம் கைக்கு வர மூன்று வாரமாவது ஆகும். மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. கப்பலில் வந்த சிமெண்ட் ஷெட்டில் ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. நாலில் இரண்டு இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். சைட்டில் நின்றபடியே கொத்தனாரிடம் “சோட் தோ” என்றேன். விட்டுவிடுங்கள். இரண்டே வார்த்தை, எழுத்தில் ஒன்றுமில்லை.

கட்டி முடித்த வரைபடத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “ஏட்டி, ரெண்டு செவரக் காணோமே. இன்ஜினியர்ட்ட கேட்டியா?” என்றீர்கள். “கேட்டாச்சு மதினி” என்றேன். நீங்கள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டீர்கள்.

நான் கேட்கவில்லை மதினி. ஒன்பது வருஷமாகக் கேட்கவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு மாதமும் உங்கள் பக்கத்திலேயே இருந்தேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். நோயாளியை வருத்தக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நீங்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்களே, அதற்குப் பயந்தேன்.

போன மாதம் கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் சங்கத்தின் பயிற்சி நடந்தது. உங்களுக்குப் பதில் நான் பேசினேன். வரைபடத்தில் இல்லாததை யார் சொன்னாலும் செய்யாதீர்கள், எழுதி வாங்குங்கள் என்று நமக்குத் தெரிந்த ஹிந்தியில் முழங்கினேன். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார். “ஆர்கிடெக்ட் போலே தோ பீ, மேடம்?” ஆர்கிடெக்ட் சொன்னாலுமா என்று கேட்கிறார். கூடத்தைக் கட்டிய அதே கொத்தனார். தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா? “ஆமாம், அவர் சொன்னாலும்தான்” என்று சொல்லிவிட்டு டீ பிரேக் விட்டேன்.

அதற்குள் இன்னொன்று சேர்ந்தது. கடல் ஏறினால் ஜனங்கள் ஓடி ஏறுவதற்கு எந்தெந்தக் கட்டடம் உறுதியானது என்று அரசாங்கத்தில் நம் சங்கத்திடம் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்று வேண்டும் என்று எத்தனை வருஷம் மனு எழுதினீர்கள், எத்தனை ஆபீஸ் படியேறினீர்கள். நீங்கள் போனபிறகுதான் கேட்டார்கள். இந்த மலரைத் தொகுக்கிற நம் சங்கத்து இளைஞன் பிஸ்வாஸ்தான் பட்டியலும் தயாரித்தான். அவனுக்கு நீங்கள் சொன்னதுதான் வேதம். மூன்றாவது எண்ணில் நம் கூடம் இருந்தது.

“இதைச் செக் பண்ணவே வேணாம் தீதி. சாரதா தீதியோட சைன் இருக்கு” என்றான், அக்காவைத் தீதி என்கிற தன் வங்காளித் தமிழில். அடியில் கையெழுத்துப் போடவேண்டியது நான். வருகிற திங்கட்கிழமை கொடுக்கவேண்டும். சனிக்கிழமை பார்க்கலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பூமி ஆடியது. நமக்குப் புதிதா என்ன, பெரிதுமில்லை. ஃபேன் ஆடியது, ஷெல்ஃபில் பாத்திரம் குலுங்கியது. அக்கம்பக்கத்தார் தெருவில் நின்று சிரித்துப் பேசிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் காரை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் கூடத்துக்குப் போனேன்.

அங்கே கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பார்வதி இருந்தாள். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். சுனாமியில் கடல் வந்தபோது அண்ணனைப் பறிகொடுத்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். சாயங்காலம் மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுக்கிறாள். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆட்டம் வந்த நேரம் எல்லாரும் மேல ஓடிட்டோம் தானே மேடம். கெழவிங்க, கைப்புள்ளைங்க, எல்லாரும். ஒரு அம்பது பேராவது இருக்கும். இதுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன்.”

அவளுக்குப் பின்னாலிருந்த சாலைப் பக்கத் தூணைப் பார்த்தேன். கூரையைத் தொடும் இடத்தில் சாய்வாக ஒரு வெடிப்பு, விரல் நகம் நுழைகிற அளவு. பூச்சில் விழுந்த வெடிப்பா, உள்ளே போயிருக்கிறதா? சுரண்டிப் பார்த்தேன். உள்ளே போயிருந்தது. பார்வதி, “பெய்ன்ட் அடிச்சா மறைஞ்சிடும் தானே மேடம்?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வந்துவிட்டேன் மதினி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கே நான் செய்ததற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள்.

ஒன்பது வருஷம் தள்ளிப்போட்ட கேள்வியை நேற்று இன்ஜினியருக்கு எழுதினேன். அங்கே போனில் எடுத்த படங்களையும் அனுப்பினேன். இன்று காலையில் அவரே கூப்பிட்டார். ஏன் சொல்லவில்லை என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. “மேடம், இப்ப அந்தக் கட்டடத்துக்குள்ள ஆள் இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். இருப்பார்கள் என்றேன். யாரும் உள்ளே போகக்கூடாது, நாளை முதல் ஃபிளைட்டில் வருகிறேன், தூண்களைப் பலப்படுத்தலாம், விட்ட சுவர்களையும் இப்போது கட்டலாம், அதுவரை பூட்டி வையுங்கள் என்றார்.

பார்வதிக்கு நாலைந்து முறை போன் போட்டேன். அந்தப் பக்கம் டவர் கிடைத்தால் அதிசயம். பிரதானும் எடுக்கவில்லை.

உங்கள் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஹார்பர் வேலையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், “பூட்டச் சொல்லு, சரிபண்ணு. யாரு வேண்டாங்கா? மலர்ல எதுக்கு எழுதுத? வரைபடத்துல இருக்கது அக்கா கையெழுத்து. எல்லாரும் அவளத்தான் சொல்லுவாங்க. அவ வந்து பதில் சொல்ல முடியுமா?” என்றார். அவர் அழுது நான் பார்த்தது உங்களைத் தகனம் செய்த அன்றுதான். இன்று இரண்டாம் முறை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் அதுதான் பயம். லைசென்ஸ் போகும், ஆபீஸ் போகும், அதையெல்லாம் ஒருவாறு பொறுத்துக்கொள்வேன். சங்கத்துச் சுவரில் இருக்கிற உங்கள் படத்தைப் பார்த்து யாராவது ஒரு மாதிரி சிரிப்பார்களே, அதை எப்படிப் பொறுப்பேன்? இருந்தாலும், நான் சொல்லாமல் கூடத்தை மட்டும் பூட்டினால் பிஸ்வாஸ் அடுத்த கட்டடத்துக்கும் கையெழுத்தை மட்டும் பார்ப்பான். “சாரதா தீதி சைன் இருக்கு” என்று பட்டியலில் இன்னும் எத்தனை வரும்? நாம் இருவரும் கட்டியது மொத்தம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அத்தனையையும் வேறு யாராவது வந்து சுரண்டிப் பார்க்கவேண்டும். நான் பார்த்தால் போதாது.

ஆகவே இதைப் படிக்கிற சங்கத்தார் எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த வரைபடத்தில் இருப்பது சாரதாவின் கையெழுத்து. அதை வாங்கியது என் பொய். சுவர்கள் எங்கே என்று கேட்ட ஒரே ஆள் அவர்.

மணி இரண்டரை ஆகப்போகிறது. நம் வீடு இருக்கிற டெய்ரி ஃபார்மிலிருந்து அங்கே போக முக்கால் மணி நேரம். நாலு மணிக்குப் பிள்ளைகள் டியூஷனுக்கு வருவார்கள். போன் வந்ததுமே ஓடியிருக்கவேண்டும், தெரியும். பார்வதியின் முகத்தை நினைத்தால் கால் எழவில்லை. இன்னொரு ஆட்டம் வந்தால் மாடிக்கு ஓடாதே, பின்னாலிருக்கிற குன்றுக்குக் கூட்டிக்கொண்டு ஓடு என்று அவளிடம் நான் சொல்லவேண்டும். ஏன் மேடம் என்று கேட்பாள். உங்களுக்கு இப்படிப் பயம் வந்ததே இல்லையா மதினி? வந்திருந்தால் என்ன செய்தீர்கள்?

இதைப் பிஸ்வாஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அனுப்பாமல் போனால் வழியில் மனசு மாறிவிடும், என்னை எனக்குத் தெரியும். உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பயம் போகாது, அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். நாலு மணிக்கு அந்த மாடிப்படியின் அடியில் நான் நிற்பேன். ஒரு பிள்ளைகூட என்னைத் தாண்டி மேலே ஏறாது.

இந்த ஒருமுறை இன்ஜினியரிடம் உண்மையாகவே கேட்டுவிட்ட,
உங்கள் தம்பி பெண்டாட்டி
கௌரி